செண்பகவல்லிக்கு வாய் தவறிய ரெண்டு தடவை

நெவாடா மாநிலத்துப் பொட்டல்காட்டில், எந்தப் பக்கம் போனாலும் அடுத்த ஊருக்கு எழுபது மைல் என்கிற இடத்தில், ப்ளைண்ட் மியூல் என்று ஓர் ஊர் இருந்தது. பெயருக்கு அர்த்தம் குருட்டுக் கோவேறு கழுதை. அந்தக் கழுதை இடறி விழுந்த இடத்தில்தான் முதல் வெள்ளிக்கட்டி கிடைத்தது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். உண்மையா என்று கழுதையைத்தான் கேட்க வேண்டும். இருபது வருஷத்தில் வெள்ளி தீர்ந்தது. அந்த வட்டாரத்தில் வெள்ளி தீர்ந்த ஊரெல்லாம் கதவையும் ஜன்னலையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு காலியாகிப் போனபோது, ப்ளைண்ட் மியூல் மட்டும் போகாமல் நின்றதற்குக் காரணம் ஒரே ஒரு தூக்கு. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நாலில் டேண்டி ஹார்கிஸ் என்ற கொள்ளைக்காரனை ஊரே கூடித் தூக்கில் போட்டது. போட்டவர்கள் போட்டதோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள், அவர்களுடைய பேரன் பேத்திகள்தான் அதை வைத்துச் சாப்பிட்டார்கள்.

டேண்டி ஆறடி ரெண்டங்குலம், ஏழு பேரைச் சுட்டவன், பொம்பளை எதிரே வந்தால் தொப்பியைக் கழற்றாமல் துப்பாக்கியைத் தொடமாட்டான், இப்படியெல்லாம் சொல்வார்கள். பெட்ரோல் பங்க் முன்னால் இருபதடி உயரத்துக்கு அவன் சிலை நின்றது. அந்தக் காலத்தில் அவனை வைத்து ஒரு கறுப்பு வெள்ளை சினிமாகூட எடுத்தார்கள், அதில் அவன் குதிரைமேல் உட்கார்ந்து பாட்டெல்லாம் பாடினான். தூக்குமேடையில் அவன் கடைசியாகச் சொன்னதாக ஒரு வசனம் உண்டு: "சீக்கிரம் முடிங்கடா கண்ணுகளா, எனக்கு வேற வேலை இருக்கு." டீ-ஷர்ட், காபிக் குவளை, குழந்தைகள் ஜட்டி, எதைத் திருப்பினாலும் அதுதான் அச்சடித்திருக்கும். ஆகஸ்ட் மாதம் மூன்று நாள் தூக்குத் திருவிழா, நாலாயிரம் பேர் காரில் வந்து இறங்குவார்கள், அந்த மூன்று நாள் வரும்படியில்தான் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் வருஷம் முழுக்க உலை வைத்தார்கள்.

இந்த ஊரில் கோவில்பட்டிக்காரி செண்பகவல்லி லாண்டிரி வைத்திருந்தாள். புருஷன் அய்யாத்துரை பக்கத்துத் தங்கச் சுரங்கத்தில் கெமிஸ்டாக வந்தவர்; அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கி இருபது வருஷம் ஆகியிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவருக்கு நெஞ்சடைத்துவிட்டது. அவள் ஊருக்குத் திரும்பவில்லை. கட்டடம் ஊர் கவுன்சிலுடையது, மெஷின்கள் அவளுடையவை. மூலையில் ஒரு தையல் மெஷினும் போட்டுக்கொண்டு, திருவிழாவுக்கான கோட்டு, ஜாலர் வைத்த பாவாடை, ஷெரீப் சட்டை எல்லாம் அவள்தான் தைப்பாள், அவள்தான் துவைப்பாள். ஊர் அவளை ஷென் என்று கூப்பிட்டது. ஏழெழுத்துப் பேரில் ரெண்டெழுத்தை உள்ளே விட்டு மீதியை ஏர்போர்ட் கஸ்டம்ஸில் பிடித்து வைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று அவள் போனில் அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷில் ராஜாவுக்கும் நாய்க்கும் ஒரே 'யூ'தான். இந்தக் கதையில் யார் நீ, யார் நீங்க என்பது அவரவர் நடத்தையைப் பார்த்து நானாகப் போட்டுக்கொடுத்தது. கோபப்படுகிறவர்கள் படலாம்.

பழைய தூக்குமேட்டுக்குப் பக்கத்தில் கார் கழுவும் கடைக்குக் குழி தோண்டினபோது ஒரு முழு எலும்புக்கூடு கிடைத்தது, கழுத்தெலும்பு ஒடிந்து. அப்போது மேயராக இருந்தவள் வெர்னா டில்லட்சன். டேண்டி சாமான்கள் விற்கும் கடையும் அவளுடையதுதான். எலும்பைப் பார்த்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல். கறுப்பு கிரானைட்டில் கல் செதுக்கச் சொன்னாள், பெட்டி செய்யச் சொன்னாள், செண்பகவல்லியிடம் வந்து ஆறடி ரெண்டங்குலத்துக்கு ஒரு கறுப்புக் கோட்டுத் தைக்கச் சொன்னாள். செண்பகவல்லி தொடையெலும்பின்மேல் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, இது அவ்வளவு உயரமான ஆள் மாதிரித் தெரியவில்லையே என்றாள். நனைந்தால் எலும்பு சுருங்கும் என்றாள் மேயர், இருபது வருஷமாகத் துணி துவைக்கிறவளிடம்.

அடக்கம் ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. பேண்டு வாத்தியம், பஞ்சு மிட்டாய், மேயர் உடம்பில் ஊதாப் பட்டுப் பாவாடை, முகத்துக்கு எதிரே பூப்போட்ட விசிறி. சாவு வீடா சடங்கு வீடா என்று யாருக்கும் தெரியாத கூட்டம். துக்க வீட்டில் நம்மவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்: வா என்று கேட்பதில்லை, போயிட்டு வரேன் என்று சொல்வதில்லை, வந்ததுபோலச் சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும். செண்பகவல்லி அதில் கெட்டி. சொந்தப் புருஷனைத் தகன மெஷினுக்குள் தள்ளினபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றவள். ஆனால் அன்றைக்குப் பேண்டுக்காரன் கல்யாண மெட்டு வாசித்தான், கோட்டுத் தைத்தவள் என்று அவளை முன்வரிசையில் நிறுத்தி மண் போடச் சொன்னார்கள், பெட்டி இறங்கினது, அவளுக்கு வாய் தவறிவிட்டது.

"போயிட்டு வாங்க," என்றாள்.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பாதிரியார் ஏதோ இந்திய மந்திரம் என்று நினைத்து ஆமென் போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு லாண்டிரிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் வந்தார். கோட்டின் கை முழங்காலுக்குத் தொங்கியது, பின்பக்கம் தரையைக் கூட்டியது. கழுத்தில் கயிற்றுத் தடம். கோட்டைக் கொஞ்சம் பிடித்துத் தர முடியுமா என்று பணிவாகக் கேட்டார். செண்பகவல்லி குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு அவரை ஸ்டூலில் ஏற்றி அளந்தாள். அஞ்சடி மூன்றங்குலம். எலும்பு சுருங்குமாம், எலும்பு, என்று மனசுக்குள் மேயரை வைதாள். கையைச் சுருக்கினாள், நீளத்தைக் குறைத்தாள், தடம் தெரியாமலிருக்கக் காலரை உயர்த்தினாள், அதற்கப்புறம்தான் என்ன இந்தப் பக்கம் என்று கேட்டாள்.

"நீங்கதான் போயிட்டு வரச் சொன்னீங்க," என்றார் அவர். "போயி ரொம்ப நாளாச்சு. அதான் வந்துட்டேன்."

செத்தவர்களுக்கு எல்லாப் பாஷையும் புரியும், அதில் ஒன்றும் அதிசயமில்லை.

ஊர் அவரை எடுத்துக்கொண்ட வேகம் இருக்கிறதே, புது மருமகனைக்கூட அப்படி எடுத்துக்கொள்ளமாட்டார்கள். சர்ச்சுப் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரம் மக்ரோனி கொண்டுவந்து கொடுத்தார்கள், பல் வைத்தியர் இலவசமாகப் பார்த்து இருக்கிற ஆறு பல்லையும் சுத்தம் செய்தார், ஷெரீப் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, தண்டனை ஏற்கெனவே நிறைவேறிவிட்டதால் இவர்மேல் வழக்கு எதுவுமில்லை என்று கைகுலுக்கினார், லைசன்ஸ் ஆபீசில் பிறந்த வருஷம் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்று என்றதைக் கம்ப்யூட்டர் ஏற்காததால் நூறு வருஷத்தைக் கூட்டிப் போட்டுக்கொண்டார்கள், செல்போன் கம்பெனிக்காரன் குடும்பத் திட்டம் வேண்டுமா என்று கேட்டு, குடும்பம் எல்லாம் மண்ணுக்குள் என்று தெரிந்ததும் தனிநபர் திட்டம் கொடுத்தான். அவருக்குச் சுடுதண்ணீர்க் குழாய் பிடித்துப்போயிற்று. டப்பாவில் அடைத்த பீச் பழம் பிடித்துப்போயிற்று. சாயங்காலமானால் லாண்டிரியில் நாற்காலி போட்டு, டிரையருக்குள் துணி சுற்றுவதை நாம் சீரியல் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். செண்பகவல்லியின் வத்தக்குழம்பை ஒரு நாள் வாயில் வைத்துவிட்டு, வத்தலை எண்ணெயில் இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருக்கலாம் என்றார். அய்யாத்துரை போனபிறகு அவள் சமையலுக்குக் குற்றம் சொன்ன முதல் ஆள் அவர். அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, மறுநாள் ஒரு நிமிஷம் கூட விட்டாள்.

திருவிழா ஒத்திகையில்தான் வில்லங்கம் ஆரம்பித்தது. அசல் ஆளே இருக்கும்போது நகல் எதற்கு என்று, பத்தொன்பது வருஷமாக டேண்டி வேஷம் கட்டின இன்சூரன்ஸ் ஏஜென்டை விலக்கிவிட்டு இவரை மேடையேற்றினார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்கு இவர் மேஜைக்கடியில் போய் ஒளிந்துகொண்டார். குதிரையைக் கண்டால் வெல்லம் கொடுக்கப் போய்விட்டார். ஒத்திகைக்கு வந்த சுற்றுலாக்காரர்கள், டேண்டியாக நடிப்பவர் நம்பும்படியாக இல்லை என்று இன்டர்நெட்டில் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானைக்கு இறந்தால் மட்டும்தான் ஆயிரம் பொன்.

கடைசி வசனத்தை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லச் சொன்னாள் மேயர். அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே, அப்படி நான் சொல்லவேயில்லையே என்றார். தான் டேண்டி ஹார்கிஸ் இல்லை என்றார். பேர் ஆம்ப்ரோஸ் பிக்கெட், சுரங்கத்துக்காரர்கள் மெஸ்ஸில் சமையல்காரர். டேண்டி என்று ஒருவன் ஒரு ராத்திரி வந்து அவர் வைத்த பீன்ஸை மூன்று கிண்ணம் தின்றான், இப்படி ஒரு பீன்ஸ் இந்தப் பொட்டல்காட்டிலேயே இல்லை என்று சொல்லித் தன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்திவிட்டுப் போனான். மறுநாள் ஊர் கோட்டை அடையாளம் கண்டுபிடித்து, கோட்டுக்குள்ளே இருந்தவரைத் தூக்கில் போட்டது. அரைமணி நேரம் அவர் தன் பேரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார், டேண்டிக்கு எப்போதும் தமாஷ்தான் என்று சிரித்தார்கள். கடைசியாக அவர் சொன்னது ஒன்றுதான்: அடுப்பில் பீன்ஸ் இருக்கு, யாராவது போய்க் கிண்டுங்க, அடிப்பிடிச்சிரும்.

"எனக்கு வேற எதுவும் வேண்டாம்," என்றார் கவுன்சில் கூட்டத்தில். "கல்லுல என் பேரைப் போடுங்க. அவ்வளவுதான்."

அஞ்சு கவுன்சிலர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர் சொன்னது பொய் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை, அதைத்தான் கவனிக்க வேண்டும். அடுத்த மாதம் திருவிழா, பன்னிரண்டாயிரம் டீ-ஷர்ட் அச்சாகிவிட்டது, சமையல்காரனைத் தூக்கில் போட்ட திருவிழா என்று போர்டு வைத்தால் எவன் வருவான் என்றுதான் பேசினார்கள். பிறகு எல்லாருமாகத் திரும்பி செண்பகவல்லியைப் பார்த்தார்கள். அவள் அன்றைக்குச் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று ஏற்கெனவே சர்ச்சில் ஜெபம் முடிந்து எல்லாரும் காபி குடிக்கும்போது அவளே உளறியிருந்தாள். வரச் சொன்னது நீதானே ஷென், போகவும் நீயே சொல்லு என்றாள் மேயர்.

செண்பகவல்லி விளக்கிப் பார்த்தாள். எங்கள் பாஷையில் ஒரு மனுஷனைப் போ என்று மொட்டையாகச் சொல்வதில்லை, கடைத்தெருவுக்குப் போகிறவனைக்கூடப் போயிட்டு வா என்றுதான் சொல்வோம், போ என்றால் நாயை விரட்டுவது, இல்லையென்றால் சண்டை. சரி, சண்டை என்றே வைத்துக்கொள் என்றார்கள். கட்டாயத்துக்கு அவர் முன்னால் நின்று, போங்க, என்றாள். அவர் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஏன் ஆகவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். விஷயம் வெளியே தெரிந்த வாரமே ஊர்ச்சனம் அஸ்திக் குடங்களோடு லாண்டிரி வாசலில் வரிசை கட்டினது. ஒருத்தருக்கு அம்மா, ஒருத்திக்கு ரெண்டாவது புருஷன், ஒருத்தருக்கு நாய். எல்லாருக்கும் போயிட்டு வாங்க சொன்னாள், நாய்க்கு மரியாதை குறைத்து போயிட்டு வா சொன்னாள், ஒரு ஈ காக்காய் வரவில்லை. வேண்டுமென்றே சொன்னால் பலிக்காது. வாய் தவறி வந்தால்தான் பலிக்கும். வரிசைக்கு வெகு முன்னால், கோட்டுக்காரர் வந்த அதே செவ்வாய்க்கிழமை, கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய் அய்யாத்துரை படத்துக்கு முன்னால் நின்று அவள் நாற்பது தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். தொண்டை கட்டினதுதான் மிச்சம். ஊருக்குப் பெரிய இவளாட்டம் அன்றைக்கு முறை தவறாமல் வாயை மூடி நின்றோமே, அந்த ஒரு நாள் இந்தப் பாழும் வாய் தவறியிருக்கக் கூடாதா என்று அவள் அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும்.

போகாதவரை அனுப்ப கவுன்சில் வேறு வழி கண்டுபிடித்தது. திருவிழாவில் மாமூலாக இடுப்பில் பெல்ட் மாட்டித்தான் தூக்கில் தொங்கவிடுவார்கள். இந்த வருஷம் பெல்ட் வேண்டாம். செத்தவரைத் தூக்கில் போட்டால் கொலையாகாது என்று ஷெரீப்பும் சட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அஞ்சுக்குப் பூஜ்யம் என்று தீர்மானம் நிறைவேறிற்று. டேண்டி ஹார்கிஸாகவே ஏற்றி டேண்டி ஹார்கிஸாகவே இறக்கி, அந்தக் கல்லுக்குக் கீழேயே வைத்து மூடிவிடுவதாக ஏற்பாடு. ஆறடி ரெண்டங்குலத்துக்குத் தோளில் பஞ்சு வைத்து ஒரு கோட்டுத் தைக்கச் சொல்லி செண்பகவல்லிக்கு உத்தரவு வந்தது. தைக்காவிட்டால் லாண்டிரிக் கட்டடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கவேண்டி வரும் என்று மேயர் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

தைத்தாள். மறைப்பானேன், தைத்தாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பஞ்சு வைத்தாள். எங்கேயாவது ஓடிப்போங்களேன் என்று பிக்கெட்டிடம் கெஞ்சினாள். எழுபது மைலுக்கு அப்பால் என்னை யாருக்குத் தெரியும், இங்கேதான் ஒரு கல்லாவது இருக்கிறது என்றார் அவர். மேயரிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: கடைசி வசனத்தை மைக்கில் அவர் இஷ்டத்துக்குச் சொல்லவேண்டும். நாலாயிரம் பேர் காதில் விழும் இல்லையா, அத்தனை பேரில் ஒருத்தராவது கேட்டுக்கொள்ளமாட்டாரா என்று அவர் கணக்கு. மேயர் தாராளமாகச் சொல்லு என்றாள், அவளுக்கு அந்த ஊர் ஜனத்தை நன்றாகத் தெரியும்.

திருவிழா அன்று உச்சிவெயில். பெட்ரோல் பங்கிலிருந்து சர்ச்சுவரை தலைதான். குதிகால் உயர்ந்த பூட்சில் தடுமாறிக்கொண்டு, பஞ்சுத் தோளுக்கு நடுவே சின்ன முகத்தோடு பிக்கெட் மேடையேறினார். செண்பகவல்லி கடைசி நேரத்தில் பித்தான் அறுந்தால் தைக்க என்று ஊசிநூலோடு படிக்குப் பக்கத்தில் நின்றாள். கயிற்றை மாட்டினார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். அவர் அதை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"என் பேர் ஆம்ப்ரோஸ் பிக்கெட். நான் சமையல்காரன். நான் யாரையும் சுட்டதில்லை."

முன்வரிசையில் ஒருத்தன் கெக்கெக்கே என்றான், அவன் சிரித்ததும் பக்கத்திலிருந்தவள் சிரித்தாள், சிரிப்பு சர்ச்சுவரை போய்த் திரும்பி வந்தது. டேண்டிக்கு எப்போதும் தமாஷ்தான் என்று கத்தினார்கள், விசிலடித்தார்கள், இன்னொரு தடவை சொல்லு என்றார்கள். மேயர் விசிறிக்குப் பின்னால் குலுங்கினாள். பிக்கெட் மைக்கை இறக்கிவிட்டு, யாரையோ தேடுகிறதுபோல் கூட்டத்தைப் பார்த்தார். செண்பகவல்லி ஊசிநூலைக் கீழே போட்டாள். கவுன்சில் கட்டடம், கடை, இருபது வருஷத்து 'ஹாய் ஷென்' எதுவும் அந்த நேரத்தில் நினைப்பில் இல்லை. அவள் இங்கிலீஷை மறந்தாள்.

"அட, போங்கடா!" என்றாள்.

கூட்டம் போயிற்று. மாயமாய் மறைந்ததெல்லாம் இல்லை, அப்படிச் சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். மடக்கு நாற்காலியை மடக்கி, பிள்ளைகளைத் தூக்கி, பாதி தின்ற சோளத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, மறந்துபோன ஜோலி ஞாபகம் வந்தவர்கள்போல எல்லாரும் எழுந்து போனார்கள். வந்தவர்கள் காரில் ஏறிப் போனார்கள், ஊர்க்காரர்கள் வீட்டுக்குப் போய்ச் சாமான் கட்டி லாரியில் ஏற்றிப் போனார்கள், தூக்குக்காரன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனான், பாதிரியார் மணியைக் கழற்றிக்கொண்டு போனார், இன்சூரன்ஸ் ஏஜென்ட் டேண்டி உடுப்பிலேயே போனார், மேயர் வெர்னா டில்லட்சன் விசிறியை வீசிக்கொண்டே டீ-ஷர்ட் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனாள். 'டா' போட்டது ஆம்பளைக்குத்தானே என்று நீங்கள் கேட்கலாம்; கோபத்தில் யார் டா டீ பார்க்கிறார்கள். வாங்க என்று சேர்த்துச் சொல்லாததால் ஒருத்தரும் திரும்பி வரவில்லை. பிக்கெட் மட்டும் மேடையில் நின்றார். அவருக்கு எப்போதுமே 'ங்க' தான், 'டா' அவரைத் தொடவில்லை.

சாயங்காலம் ஊரில் ரெண்டே பேர். செண்பகவல்லிக்கு முதலில் குளிர்ந்தது மாதிரி இருந்தது, அப்புறம் பயமாக இருந்தது, அப்புறம் அறுநூறு ஜனத்தையும் விரட்டிவிட்டோமே என்று வருத்தமாகக்கூட இருந்தது, கடைசியில் பசித்தது. பிக்கெட் பஞ்சுக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பீன்ஸ் வைத்தார். அவள் பக்கத்திலேயே நின்று கிண்டினாள்.

மறுவருஷம் ஏப்ரலில் மாநிலச் சரித்திர இலாகாவிலிருந்து ஒரு பெண் நோட்டும் கேமராவுமாக வந்தாள். ஜனம் காலியாகிப்போன ஊர்களைப் பேய் ஊர் என்று பட்டியல் போட்டு, அம்புக்குறி வைத்து, சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். அவளுக்குப் பிக்கெட்தான் ஊரைச் சுற்றிக் காட்டினார், பேய் ஊருக்கு அவரைவிடப் பொருத்தமான வழிகாட்டி எங்கே கிடைப்பார். ஊர் எப்படிக் காலியானது என்று கேட்டாள். ஒரு சின்னச் சண்டை என்றாள் செண்பகவல்லி. அந்தப் பெண் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டாள்.

கல்லறையில் கறுப்பு கிரானைட் கல்லை அவர்கள் ரெண்டு பேருமாகக் கடப்பாரையால் நெம்பிக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பின்பக்கம் வழுவழுவென்று ஒரு எழுத்தும் இல்லாமல் வெயிலில் கிடந்தது. இதில் யார் பேர் வரவேண்டும், இலாகா செலவில் செதுக்கித் தருவோம் என்றாள் அந்தப் பெண். பிக்கெட் தொப்பியைக் கழற்றினார், தொண்டையைச் செருமினார், ஆம்ப்ரோஸ் பிக்கெட், சமையல்காரர், என்றார். அவள் எழுதினாள். எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்திவிட்டு, பிக்கெட்டுக்கு இங்கிலீஷில் கடைசியில் 'டி' எழுத்து ஒன்றா ரெண்டா என்று கேட்டாள்.

அவர் விழித்தார். கையெழுத்து என்றால் அவருக்குப் பெருக்கல் குறிதான். நூற்று நாற்பது வருஷம் மண்ணுக்குள் கிடந்து அந்தப் பேருக்காகக் காத்திருந்த மனுஷன், அதை யாரும் எழுதி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. திரும்பி செண்பகவல்லியைப் பார்த்தார்.

"ரெண்டு போடுங்க," என்றாள் அவள். "கல்லுல இடம் இருக்குல்ல."